நான்கு சுவர்களுக்குள் புகை

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. நெருப்பை மூட்டியவர் ஒருவர், அதன் புகையை உண்பவர் வேறொருவர் என்பது அப்பழமொழி சொல்லாது விட்ட உண்மை. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அதிகாலை வேளையில் நின்று பார்ப்போர்க்கு, லயத்துக் கூரைகளின் மேலே புகை தவழ்வது அழகிய காட்சியாகவே தோன்றும். நமுனுகுலை மலைச்சாரலில் இறங்கும் பனிமூட்டத்தோடு அது கலந்து சிறிது நேரத்தில் மறைந்துவிடும். ஆயின், கூரைக்கு மேலே வந்த புகை வெளியேற வழி கண்ட புகையாகும். வழி காணாத புகையோ உள்ளேயே தங்கி, அங்கிருப்போரின் மூச்சோடு கலக்கின்றது. அது எத்தகையது, அதனால் விளையும் கேடு யாது, அதனைத் தடுக்கும் வழி என்ன என்பன ஆராயத் தக்கன.

வீட்டினுள்ளும் கடையினுள்ளும் தங்கும் புகை பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று பீடி, சுருட்டு, சிகரெட் ஆகியவற்றிலிருந்து வரும் புகையிலைப் புகை. மற்றொன்று அடுப்பிலிருந்து வரும் விறகுப் புகை. முன்னது இன்பத்துக்காக மூட்டப்படுவது. பின்னது உணவுக்காக மூட்டப்படுவது. நோக்கத்தில் இவை வேறாயினும், மூடிய அறையினுள் இவை செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே.

முதலிற் புகையிலைப் புகையை எடுத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும், ஹாலிஎல வழியாகப் பண்டாரவளைக்கும் செல்லும் பாதைகளிற் சந்திதோறும் தேநீர்க் கடைகள் உள்ளன. வேலை முடிந்து வருவோர் அங்கே கூடுவர். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றையோர் கேட்பர். சம்பளம், சங்கம், தேர்தல், திருவிழா என எல்லாம் பேசப்படும். முனையிற் கனன்றுகொண்டிருக்கும் தேங்காய்நார்க் கயிறொன்று கடையின் தூணில் தொங்குவதும், வாங்கிய சிகரெட்டை அதிலே பற்றவைத்துக்கொள்வதும் நெடுநாள் நிலவிய வழக்கம். அக்கடை தொழிலாளிக்கு மன்றமாகவும் வாசிகசாலையாகவும் விளங்கியது. ஆகவே அங்கு எழுந்த புகையை எவரும் குற்றமாகக் கருதவில்லை. தோழமையின் அடையாளமாகவே அது கொள்ளப்பட்டது.

இவ்வழக்கம் ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. இதன் மூத்த வடிவத்தைத் துருக்கி நாட்டின் கோப்பிக் கடைகளிற் காணலாம். ஊவாவும் தேயிலைக்கு முன்னர்க் கோப்பி விளைந்த நாடேயாகும். 1869ஆம் ஆண்டளவில் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடிகளை அழித்த பின்னரே இம்மலைகளைத் தேயிலை மூடியது. அந்தக் கோப்பியை ஊர் கூடிக் குடிக்கும் பானமாக்கியவர்களுள் துருக்கியர் முதன்மையானவர். இஸ்தான்புல் நகரிற் கோப்பிக் கடைகள் 1550களிலே தோன்றின. கற்றோரும் கவிஞரும் வணிகரும் கூடியமையால் அவற்றை அறிஞர் பள்ளி என்றும் அழைத்தனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திற் புகையிலை அங்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் கோப்பியும் புகையும் இணைபிரியாத் தோழராயின.

1633ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரிற் பெருந்தீ மூண்டது. அதனைத் தொடர்ந்து நான்காம் முராத் என்னும் சுல்தான் புகையிலையைத் தடை செய்து, கோப்பிக் கடைகளையும் மூடுவித்தான். தடையை மீறியோர்க்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் அவ்வரசன் அஞ்சியது நோய்க்கு அன்று. தீக்கும், கடைகளில் நடந்த அரசியற் பேச்சுக்கும் அஞ்சினான். அச்சத்தால் இட்ட கட்டளை அவன் காலத்துக்குப் பின் நிலைக்கவில்லை. புகையிலை மீண்டும் வந்து பல நூற்றாண்டுகள் அங்கு நிலைத்திருந்தது.

பின்னர் அதே நாட்டில் 2008ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி முதல் மூடிய பொது இடங்களிற் புகைத்தல் தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் திகதி அத்தடை உணவகங்களுக்கும் கோப்பிக் கடைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கடை உரிமையாளர் பலர் எதிர்த்தனர்; வாடிக்கையாளர் வரமாட்டார் என அஞ்சினர். எல்லாக் கடைகளிலும் சட்டம் ஒரே அளவிற் பின்பற்றப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. எனினும், பழைய தடைக்கும் புதிய தடைக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. புதிய சட்டம் புகைப்பவனைத் தண்டிப்பதற்காக எழுந்ததன்று. புகைக்காதவனைக் காப்பதற்காக எழுந்தது. கோப்பிக் கிண்ணத்தை ஏந்தி நாள் முழுவதும் அந்த அறையிலே நடமாடும் பணியாளனுக்கும் நுரையீரல் உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

இந்த ஒப்புதல் எளிதில் வந்ததன்று. புகைப்பவருக்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக வருகின்றது என்பதை இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் அறிஞர் இருவர் 1950ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். அருகில் இருப்பவர் நிலை என்ன என்னும் வினாவுக்கு விடை வர மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, தாம் புகைக்காதவராயினும் மிகுதியாகப் புகைக்கும் கணவரை உடைய பெண்களுக்கு நுரையீரற் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் கண்டு வெளியிட்டார். அதன் பின்னர்ப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தின. பிறர் விடும் புகையும் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியது. தாம் புகைக்காமலே பிறரது புகையால் ஆண்டுதோறும் உயிரிழப்போர் உலகில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் என அந்நிறுவனம் கணித்துள்ளது.

புகை இவ்வாறு கொல்வது எங்ஙனம்? புகை என்பது கண்ணுக்குத் தெரியும் மேகம் மாத்திரமன்று. அதிலே மிக நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. அவற்றுட் கொடியவை 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த பருமனுடையவை. அதாவது, தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கினும் சிறியவை. பெரிய தூசியை மூக்கிலுள்ள மயிரும் சளியும் தடுத்துவிடும். இந்நுண்துகள்களோ தடையின்றி நுரையீரலின் அடியிலுள்ள காற்றறைகள் வரை சென்று படிகின்றன. அங்கு அழற்சியை உண்டாக்கி, குருதிக் குழாய்களையும் இதயத்தையும் தாக்குகின்றன. இவற்றோடு காபனோரொட்சைட்டு என்னும் வாயுவும் புகையில் உண்டு. அது மணமும் நிறமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதனால் உடலுக்குச் சேரவேண்டிய ஒட்சிசன் குறைகின்றது. புகையிலைப் புகையில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோயைத் தரவல்லவை.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். தோட்டத்துக் காம்பரா ஒன்று பத்தடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் எட்டடி உயரமும் உடையது எனக் கொள்வோம். அதன் கொள்ளளவு 960 கன அடி, அதாவது ஏறத்தாழ 27 கன மீற்றர். ஒரு சிகரெட் எரிந்து முடியும்போது காற்றிலே ஏறத்தாழ 10 மில்லிகிராம் நுண்துகள் கலக்கின்றது. கதவும் ஜன்னலும் சாத்தியிருப்பின், அவ்வறையின் ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலும் 370 மைக்ரோகிராம் துகள் நிறையும். ஒரு நாளின் சராசரியாக இது 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வகுத்த அளவு. ஒரே ஒரு சிகரெட் சிறிது நேரத்துக்கேனும் அவ்வறையை அந்த அளவின் இருபத்துநான்கு மடங்குக்கு உயர்த்திவிடுகின்றது. அடுத்து ஒன்றும், அதற்கடுத்து ஒன்றும் பற்றவைக்கப்படின் நிலை என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வுண்மையை இலங்கை பிந்தி உணர்ந்த நாடன்று. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக உடன்படிக்கையை அது 2003ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கான தேசிய அதிகாரசபையைத் தோற்றுவித்தது. மூடிய பொது இடங்களிற் புகைப்பதை அச்சட்டம் தடை செய்கின்றது. 21 வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்பதும் குற்றமாகும். ஆகவே பதுளை நகரத்து உணவகத்திலும், பசறைப் பேருந்திலும், தோட்டத்து வைத்தியசாலையிலும், கொழுந்து மடுவத்திலும் புகைக்காதவர் தமது உரிமையைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டத்தின் துணை உண்டு. கடைக்காரர் ஒருவர், "ஐயா, வெளியே போய்க் குடியுங்கள்" என்று சொல்வாராயின், அவர் வாடிக்கையாளரை அவமதிக்கவில்லை. மற்றைய வாடிக்கையாளரையும், மேசை துடைக்கும் பையனையும் மதிக்கின்றார் என்றே கொள்ளவேண்டும்.

ஆனால் சட்டம் பொது இடத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றது. காம்பராவின் கதவைத் தாண்டி அது உள்ளே வருவதில்லை. அங்கேதான் குழந்தை உறங்குகின்றது. அங்கேதான் மாணவன் படிக்கின்றான். அங்கேதான் முதியவள் இருமிக்கொண்டு படுத்திருக்கின்றாள். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கின்றது. அப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களிற் குளிர்காற்றுக்கு அஞ்சிக் கதவு ஜன்னல்களை இறுகச் சாத்துவர். அத்தகைய இரவிலே குடும்பத் தலைவர் உள்ளிருந்தவாறே பீடியைப் பற்றவைத்தால், அதனைக் குடிப்பவர் அவர் ஒருவர் அல்லர். வீட்டில் உள்ள அனைவருமே குடிக்கின்றனர். குழந்தையின் மூச்சு பெரியோரின் மூச்சைவிட விரைவானது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. ஆதலின் தீங்கிலே பெரும்பங்கு அதற்கே சேருகின்றது.

இனி, புகையிலை அறவே நுழையாத வீட்டையும் எடுத்துக்கொள்வோம். அங்கு காற்று தூயது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஏனெனில் அங்கே அடுப்பு இருக்கின்றது. பழைய லயங்கள் நூற்றாண்டுக்கு முன்னர், தொழிலாளர் தங்குவதற்கென வரிசையாகக் கட்டப்பட்டவை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் முன்னே ஓர் இஸ்தோப்புமே பெரும்பாலும் கிடைத்தன. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய இரட்டை லயங்களிற் பின்சுவரில் ஜன்னல் வைக்கவும் இடமில்லை. சமையல் இஸ்தோப்பின் ஒரு மூலையிலோ, காம்பராவினுள்ளோ நடந்தது. புகைபோக்கி இல்லாதவிடத்துப் புகை தகரக் கூரையில் முட்டித் திரும்பிக் கீழே இறங்கும். கரி படிந்து கறுத்த கூரையைப் பார்த்தால், அதன் கீழே மூச்சுவிட்டோரின் நுரையீரல் எவ்வாறிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

விறகாக எரிவதோ பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய மிலாறும், காட்டுச் சுள்ளியும், கருப்பந்தைல மரக் கிளையுமே. உலர்ந்த விறகு சுடர்விட்டு எரியும். ஈர விறகு புகைந்து எரியும். மழைக்காலத்தில் மிலாறு உலர்வது அரிது. அதிகாலையில் எழுந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி, கண்ணீர் வடிய ரொட்டியும் தேநீரும் ஆயத்தம் செய்துவிட்டு, கொழுந்துக் கூடையோடு மலைக்குச் செல்பவள் அந்த வீட்டுப் பெண். மாலையில் திரும்பி வந்ததும் மீண்டும் அதே அடுப்பு. முதுகிலோ மடியிலோ குழந்தையும் உண்டு. பகலிற் பிள்ளைமடுவத்தில் தூய காற்றிலே இருந்த குழந்தை, மாலையில் அடுப்பங்கரைக்குத் திரும்புகின்றது.

இதனைப் பலர் ஆய்வுக்குரிய பொருளாக எண்ணாதிருந்த காலத்தில், கேர்க் சிமித் என்னும் அமெரிக்க அறிஞர் குஜராத் மாநிலத்துக் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றையே அளந்து 1983ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நகரத்து ஆலைப் புகையைவிட வீட்டு அடுப்புப் புகை கொடியதாக இருத்தல் கூடும் என்பதை உலகம் அறியலாயிற்று. காற்றோட்டமற்ற வீடுகளில் நுண்துகளின் அளவு, ஏற்கத்தக்க அளவைவிட நூறு மடங்கு வரை உயரக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பதும் அதன் கணிப்பு. சிறு குழந்தைகளுக்கு நிமோனியா முதலிய சுவாச நோய்கள் வரும் வாய்ப்பை அடுப்புப் புகை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றது. பெரியோர்க்கு நீங்கா இருமலும், மூச்சுத்திணறலும், இதய நோயும், கண்புரையும் வருகின்றன. வாழ்நாளில் ஒரு பீடியைக் கையாலும் தொடாத மூதாட்டி, புகைப்பவர்க்கு வரும் நோயோடு வைத்தியசாலைக்கு வருவதன் காரணம் இதுவே.

"எங்கள் பாட்டி இந்தப் புகையிலேதான் எண்பது வயது வரை வாழ்ந்தாள்" என்று சிலர் கூறுவர். வாழ்ந்த பாட்டியை நினைவில் வைத்திருக்கின்றோம். தொட்டிலிலேயே சளி கட்டி இறந்த அவளுடைய பிள்ளைகளை நினைவில் வைத்திருப்பதில்லை. தப்பியவரைக் கொண்டு ஆபத்தை அளத்தல் பொருந்தாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? குடும்பத்தார் தாமே செய்யக்கூடியவை சில உள. விறகை முன்னதாகவே சேர்த்து, அடுப்புக்கு மேலே பரண் அமைத்து உலர்த்தலாம். பானையை மூடிச் சமைத்தால் விரைவில் வேகும். விறகும் புகையும் குறையும். சமைக்கும் நேரத்திற் கதவையும் ஜன்னலையும் திறந்து, குழந்தைகளை அடுப்பங்கரையிலிருந்து அகற்றி வைக்கலாம். 1980களில் இலங்கையிற் பரவிய 'அனகி' என்னும் இரட்டைக் களிமண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகையே கொள்கின்றது. ஆயினும் அடுப்பு மாறுவது மட்டும் போதாது. புகை வெளியேறும் வழியும் வேண்டும். குளிருக்காகக் கரி நெருப்பைச் சட்டியில் இட்டு, மூடிய காம்பராவில் வைத்துக்கொண்டு உறங்குதல் ஒருபோதும் கூடாது. முன்னர்க் கூறிய காபனோரொட்சைட்டு உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

புகைபோக்கியோ குடும்பத்தாரின் கையில் மட்டும் உள்ளதன்று. ஒரு லயத்தின் சுவரையும் கூரையையும் மாற்றும் உரிமையும் பொருளும் தொழிலாளியிடம் இல்லை. அது நிருவாகத்தின் கடமையும் அரசின் கடமையுமாகும். இந்திய அரசின் உதவியோடு மலையகத்திற் கட்டப்பட்டு வரும் தனி வீடுகள் 550 சதுர அடிப் பரப்பும், தனிக் காணியும் உடையவை. அத்தகைய வீட்டிலே சமையலறை தனியே அமைகின்றது. ஆனால் லயத்திலே வாழும் குடும்பங்கள் இன்னும் பல. புதிய வீடு வரும்வரை அவர்கள் மூச்சை அடக்கிக் காத்திருத்தல் இயலாது. எரிவாயுவை நம்பியிருந்த நகரத்தாரும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது விறகடுப்புக்குத் திரும்ப நேர்ந்தது. ஆகவே விறகடுப்பு இன்றோ நாளையோ ஒழிந்துவிடும் என எண்ணி வாளாவிருத்தல் தகாது. உள்ள லயங்களுக்குப் புகைபோக்கி அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. தோட்டத்துக் கூட்டங்களில் குடிநீரையும் கழிவறையையும் கேட்பது போலப் புகைபோக்கியையும் கேட்க வேண்டும்.

புகையிலையைப் பொறுத்தவரை, காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்குத் தகரமும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். மலையில் நாள் முழுவதும் உழைத்தவர் ஒரு பீடியில் ஆறுதல் தேடுவதை இகழ்வது எளிது. அதனை அவர் விட்டுவிடுவது கடினம். விட்டுவிடுதலே சிறந்தது. அது முடியும்வரை, பீடியும் தாமுமாக முற்றத்துக்குச் செல்லுதல் எவர்க்கும் இயலும். ஜன்னலோரம் நின்று புகைத்தால் போதும் என்பதும், வேறு அறையிற் புகைத்தால் போதும் என்பதும் தவறு. ஒரே கூரையின் கீழ் உள்ள காற்று முழுவதும் ஒன்றே. காற்றாடியும் தடுப்புச் சுவரும் இத்தீங்கை முற்றாக அகற்றமாட்டா என 2006ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகக் கூறியது.

அடுப்பை மூட்டும் பெண்ணுக்கு வேறு வழி இல்லாதிருக்கலாம். பீடியை மூட்டும் ஆணுக்கு வழி இருக்கின்றது. அது வாசற்படிக்கு அப்பால் நான்கு அடி தூரத்தில் உள்ளது. ஊவாவின் மலைக்காற்றை நாடி உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் எல்லவுக்கும் அப்புத்தளைக்கும் வருகின்றனர். அக்காற்றை அங்கேயே பிறந்து வளரும் குழந்தையும் தன் வீட்டினுள்ளே பெறவேண்டும். அதற்கு முதற்படியாக, இன்று மாலை வீட்டினுள்ளே எரியும் பீடி ஒன்று வெளியே செல்லட்டும்.